ஒரு மாலுமி, அந்த மாலுமி

என் கணவரை வால்பராய்சோ என்ற ஊரில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது என்று எனக்குச் சொன்னவர், சிங்கப்பூர் கோலியர் கீ பக்கம் இருந்த கப்பல் முகவர் அலுவலகத்தின் குமாஸ்தா. அறுபதுகளின் தொடக்கம் அது. கணவருக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. துறைமுகத்துக்குத் துறைமுகம் ஏதாவது எழுதிப் போடுகிறவர். அது நின்றுபோனதும் கேட்கப் போனேன்.

"வயித்து வலின்னு எழுதியிருக்கும்மா. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. கப்பல் வெயிட் பண்ண முடியாது, கெளம்பிருச்சு."

"இப்ப எங்க இருக்கார்?"

"அதான் தெரியல. ஆஸ்பத்திரியில இருந்து போயிட்டார்னு அங்க உள்ள ஏஜெண்ட் தந்தி குடுத்திருக்கான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"போயிட்டார்னா? நடந்து போயிட்டாரா?"

குமாஸ்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர். "அங்க எல்லாம் ஸ்பானிஷ்ம்மா. இங்கிலீஷ்ல எழுதிக் கேட்டா யாரு படிக்கப் போறா?" என்றார்.

அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. மறுநாள் வகுப்பறையில் தொங்கிய உலக வரைபடத்தில் தேடினேன். தென்னமெரிக்காவின் அந்தப் பக்கத்து ஓரத்தில், நீளமாகத் தொங்கும் ஒரு நாட்டின் நடுவில் சின்னப் புள்ளியாக இருந்தது. பிள்ளைகள் என்ன டீச்சர் தேடுறீங்க என்று கேட்டார்கள். மலைகளைத் தேடுகிறேன் என்றேன்.

ஸ்பானிஷ் படிப்பது என்று முடிவெடுத்தது அந்த வாரத்தில்தான். எடுத்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. பிராஸ் பசா சாலையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கும் ஒரு பாடப்புத்தகம் கிடைத்தது. அட்டை கிழிந்து, கடைசிப் பக்கங்கள் இல்லாமல் இருந்தது. கடைசிப் பக்கம் வரைக்கும் நான் எங்கே போகப்போகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

அப்போது நான் டன்லப் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில், பலகைத் தடுப்புப் போட்ட அறையில் இருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பிலிப்பினோ தம்பதி. கணவன் ஜாலான் புசார் பக்கத்துக் கேளிக்கைப் பூங்காவில் நடன இசைக்குழுவில் சாக்ஸபோன் வாசிப்பவன். மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். பாட்டுக்காரிகளின் உடுப்புகளைத் தைத்துக் கொடுப்பாள். மணிலாவில் அவள் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவார்களாம். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு தப்புத் தப்பாக வாய்விட்டுப் படிப்பதைத் தடுப்புக்கு அப்பால் கேட்டுச் சிரித்திருக்கிறாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து என் வாசலில் நின்றாள்.

"எல் மேசா இல்ல. லா மேசா."

நாங்கள் பேசிக்கொண்டது பாசார் மலாய் என்ற சந்தை மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. அவள் சொன்னதை எல்லாம் நான் தமிழில்தான் நினைவில் வைத்திருக்கிறேன். அப்படியே எழுதுகிறேன்.

"ஏன் லா?"

"மேசை பொம்பளை."

"மேசை எப்படிப் பொம்பளை ஆகும்?"

"ஆகும். நாற்காலியும் பொம்பளை. புத்தகம் ஆம்பளை. பேனா பொம்பளை. பென்சில் ஆம்பளை."

"எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"தெரியும்" என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டு, "உங்க சிங்கப்பூர்ல எதைப் பேசினாலும் கடைசியில ஒரு லா வருது. எங்க லா முன்னாடியே வந்துரும். அவ்வளவுதான் லா" என்றாள்.

அன்றைக்கு நானும் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் உயிருள்ளவை உயிரற்றவை எல்லாம் போட்டு, மனிதரைத் தவிர மற்றதெல்லாம் அஃறிணை என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவள் நான். மேசை என்ற சொல்லே அந்தப் பக்கத்திலிருந்து, போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்தது என்று பிற்பாடு படித்தேன். மேசையை வாங்கிக்கொண்டோம். அதன் முன்னால் நின்ற சின்னச் சொல்லை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

அவளுக்கு விதி எதுவும் தெரியாது. தாய்மொழியில் விதி தெரிந்தவர் யார்? புத்தகத்தில் விதி இருந்தது. ஓ-வில் முடிந்தால் ஆண், ஆ-வில் முடிந்தால் பெண். அதை மனப்பாடம் செய்துகொண்டு அவளிடம் போய் எல் மானோ என்று பெருமையாகச் சொன்னேன். மானோ என்றால் கை. அவள் தலையை ஆட்டினாள். லா மானோ. ஏன் என்றேன். கை பொம்பளை என்றாள். தண்ணீர்? அகுவா. ஆ-வில் முடிகிறது, ஆகவே லா அகுவா. இல்லை, எல் அகுவா. அப்படியானால் தண்ணீர் ஆணா? இல்லை, பெண்தான், ஆனால் எல். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அழுகையாக வந்தது. ஒரு தண்ணீருக்காக அழுவார்களா என்று அவள் நினைத்திருப்பாள். அவளுக்கு அப்போது என் கதை முழுதாகத் தெரியாது. கணவர் கப்பலில் இருக்கிறார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

ஒரே ஒரு வாக்கியம் மட்டும் எனக்கு உடனே வந்தது. மே துவேலே எல் எஸ்தோமாகோ. எனக்கு வயிறு வலிக்கிறது. ஆங்கிலக்காரன் என் வயிறு என்பான். ஸ்பானிஷ்காரன் என் என்று சொல்வதில்லை. எனக்கு வலிக்கிறது வயிறு, அவ்வளவுதான். நம்மைப் போலவே. அந்த வாக்கியத்தை ஒரே தடவையில் சரியாகச் சொன்னதும் அவள் கைதட்டினாள். நான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை மட்டும் அவர் சொல்லத் தெரிந்திருந்தால், அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இந்த நான்கு சொல்லை மட்டும் சொல்லியிருந்தால்... அங்கேயே உடைந்துபோய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அதன் பிறகு அவள் சிரித்துக்கொண்டு கற்றுக்கொடுக்கவில்லை.

ஆண் பெண் குழப்பம் போகட்டும், தப்பாகச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள் என்றாள். புரியாமல் போகக்கூடியது வேறு ஒன்று. உன் என்று ஒரு சொல், எல் என்று ஒரு சொல். முதலாவது நம்முடைய ஒரு. இரண்டாவது நம்முடைய அந்த என்று எழுதி வைத்துக்கொண்டேன். அதுவும் நிற்கவில்லை. எனக்குக் காப்பி பிடிக்கும் என்று சொல்வதற்குக்கூட அவர்களுக்கு எல் வேண்டும். எந்தக் காப்பி என்று கேட்டேன். உலகத்துக் காப்பி எல்லாம் என்றாள். உயிர், சாவு, பசி எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தச் சொல் வந்து நின்றது. நான் போட வேண்டிய இடத்தில் விட்டேன், விட வேண்டிய இடத்தில் போட்டேன். மாதங்கள் ஓடின. ஸ்பானிஷில் எழுதி அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்பினேன். எதற்கும் பதில் இல்லை.

அந்த நேரத்தில்தான் கப்பல் அலுவலகத்துக் குமாஸ்தா ஒரு நல்லது செய்தார். அதே கம்பெனியின் இன்னொரு கப்பல் வால்பராய்சோவுக்குப் போகிறது, அதில் சமையல்காரராக இருப்பவர் நம்ம ஆள், அவரிடம் சொல்லிப் பாருங்கள் என்றார். நாகூர் பக்கத்துக்காரர், வெகுகாலமாகச் சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருந்த முஸ்லிம் பெரியவர். அண்ணனை அழைப்பதுபோல நான் நானா என்று கூப்பிட்டேன். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

"எழுத்துன்னா எனக்கு அரபு ஓதத்தான் தெரியும், தங்கச்சி. வாயால சொல்லிக் குடு. பாடம் பண்ணிக்கிறேன். ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அடுப்படியில சொல்லிக்கிட்டே இருப்பேன்."

அவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று நானே முதலில் அமைத்துப் பார்த்தேன். புஸ்கோ உன் மரினேரோ இந்தியோ. ஓர் இந்திய மாலுமியைத் தேடுகிறேன். பிலிப்பினோக்காரி கேட்டுவிட்டுத் தையல் மெஷின் மிதிப்பதை நிறுத்தினாள்.

"அப்படிச் சொல்லாதே. அப்படிச் சொன்னா, எந்த மாலுமியா இருந்தாலும் சரி, ஒருத்தன் வேணும்னு அர்த்தம். வேலைக்கு ஆள் தேடுற மாதிரி."

"எனக்கு அவர்தானே வேணும்."

"அப்ப, புஸ்கோ அல் மரினேரோ இந்தியோ. ஆளைத் தேடும்போது எல் அல்லா மாறிரும். அந்த ஒருத்தனை. வேற யாரும் இல்ல."

அல் என்ற அந்தச் சின்ன ஒலிக்குள் என் கணவர் இருந்தார். அதுவரை எவ்வளவு படித்தும் புரியாதது அந்த நிமிஷத்தில் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

நானாவுக்கு நானும் அவளுமாகச் சொல்லிக்கொடுத்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஓதுவதுபோல அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஒலி பிசகாமல் சொன்னார். பதிலையும் இப்படியே காதில் வாங்கிக்கொண்டு வந்து சொல்லுங்கள் நானா, அர்த்தம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அவர் கிளம்பிப் போனார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டு இருந்தேன்.

கப்பல் எங்கெங்கோ சுற்றிவிட்டு, பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நானா டன்லப் தெரு மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒன்றும் இல்லை. பிலிப்பினோக்காரி ஓடி வந்து அவருக்கு நாற்காலி போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா நானா?"

"போனேன். மழை. உள்ள விடல. வாசல்காரன் ஒருத்தன்கிட்ட நீங்க சொல்லிக் குடுத்ததைச் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். என்னென்னமோ பேசினான். அதுல ஒண்ணைத் திருப்பித் திருப்பிச் சொன்னான். எழுதித் தான்னு கையைக் காட்டினேன். அவனும் என்னை மாதிரிதான் போல, எழுத்துத் தெரியாது. அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு வந்தேன்." நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, "உன் இந்தியோ முரியோ" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "உன்னோட இந்தியன்... அதுக்கு மேல எனக்கே விளங்கிருச்சு, தங்கச்சி" என்றார்.

முரியோ என்றால் இறந்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் நானா சொன்ன உன் தமிழ் உன் அல்ல.

"நானா, அந்த உன் நம்ம உன் இல்ல. அது ஒருங்கிற மாதிரி. யாரோ ஒரு இந்தியன் செத்தான்னு அர்த்தம். அவர்னு அர்த்தம் இல்ல."

அவர் திகைத்துப் போனார். பிலிப்பினோக்காரி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டினாள். உன் இந்தியோ முரியோ. எல் இந்தியோ முரியோ. இதுவா, அதுவா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். எல் என்று சொல்லியிருந்தால், நீங்கள் கேட்டீர்களே அந்த ஆள், அவர்தான் என்று அர்த்தம்.

நானா கண்ணை மூடினார். இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"உன்னுதான்... உன்னுன்னுதான் நெனச்சேன்."

"நெனச்சீங்களா, கேட்டீங்களா?"

"நீ இப்படிக் கேட்டா எல்லுன்னும் தோணுது, தங்கச்சி. இந்தியோ நல்லா ஞாபகம் இருக்கு. முரியோ நல்லா ஞாபகம் இருக்கு. முன்னாடி உள்ளது சின்னதா இருந்துச்சு லா. கடல்ல இத்தன மாசம் சொல்லிச் சொல்லி, எனக்கு எது பொருளோட வந்துச்சோ அது ஒட்டிக்கிச்சோ என்னமோ. அல்லா மேல ஆணையா, இப்ப என்னால சொல்ல முடியல."

அவள் இன்னொரு தடவை சொல்லிக் காட்ட வாயெடுத்தாள். நான் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினேன். இன்னும் கேட்டால் அந்தப் பெரியவர் எது வேண்டுமானாலும் சொல்லிவிடுவார். எனக்குப் பிடித்ததைக்கூடச் சொல்லிவிடுவார்.

"வேற எதாவது காட்டினானா நானா?"

"மலைப்பக்கம் கையைக் காட்டினான்."

"அங்க என்ன இருக்கு?"

"அந்த ஊரே மலைதான், தங்கச்சி. வீடும் அங்கதான், கடையும் அங்கதான், அடக்கம் பண்ற மையவாடியும் அங்கதான். மேல ஏறிப் பார்க்கலாம்னா கப்பல் சங்கு ஊதிருச்சு."

அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தலைகுனிந்தபடி இறங்கிப் போனார். பாவம், அவர் எனக்காக ஒரு வாக்கியத்தை உலகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து சுமந்துகொண்டு வந்தவர். அவர் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

செய்தி ரேஸ் கோர்ஸ் சாலைக்கு எப்படியோ போய்விட்டது. கணவரின் அண்ணன் குடும்பம் அங்கே இருந்தது. மறுநாள் மாலையே பெரியத்தான் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"பதினாறாம் நாள் காரியம் மாதிரி ஒண்ணு செஞ்சிரணும்மா. ஆத்மா அலையக்கூடாது. ஐயர்கிட்ட பேசிட்டேன்."

"பெரியத்தான், யாரோ ஒரு இந்தியன்னுதான் சொன்னான். அவர்னு சொல்லல. அதுவே நானாவுக்குச் சரியா ஞாபகம் இல்ல."

"அந்த ஊர்ல, அந்த ஆஸ்பத்திரியில, நம்ம ஆளு எத்தனை பேரும்மா இருப்பான்?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும். ஒருத்தன்தான். என் தம்பி." அவருடைய கண் கலங்கியிருந்தது. "நீ படிச்சவ. இதுல வந்து இலக்கணம் பேசாத."

நான் இலக்கணம் பேசினேன்தான். என்னிடம் வேறு எதுவும் இல்லை. ஒரு சின்னச் சொல்லுக்கும் இன்னொரு சின்னச் சொல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அவரை உயிரோடு வைத்திருந்தேன். அதைப் பெரியத்தானிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் வரமாட்டேன், தாலியையும் கழற்ற மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் போய்விட்டார். படமாவது வைத்துச் செய்கிறேன் என்று படியில் இறங்கும்போது சொன்னது கேட்டது. சொன்னபடி செய்தார். அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்தினேன்.

அதன் பிறகு அந்த வீட்டோடு போக்குவரத்து நின்றது. சிராங்கூன் சாலையில் தெரிந்தவர்கள் எதிரே வந்தால், முதலில் என் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். பொட்டு வைத்தால் வாழ்கிற திமிர் என்றும், ஒருநாள் மறந்து வெளியே வந்தால் கடைசியில் ஒப்புக்கொண்டாள் என்றும் பேச்சு. பூ வாங்குவதைத் தானாகவே விட்டுவிட்டேன். பூக்காரர் கேட்கும் பார்வையைத் தாங்க முடியவில்லை.

ஸ்பானிஷை மட்டும் விடவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. இனி யாரிடம் பேசப்போகிறேன்? ஆனாலும் சாயங்காலம் ஆனால் பலகைத் தடுப்பைத் தட்டுவேன். ஒருநாள் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது எப்படி என்று பாடம். நான் ஆசிரியை என்பதற்குச் சோய் மயேஸ்த்ரா. முன்னால் ஒன்றும் போடக்கூடாதாம். உன்னும் வேண்டாம், எல்லும் வேண்டாம். ஒருவர் தன்னை யார் என்று சொல்லும்போது அந்தச் சின்னச் சொற்கள் தேவையில்லை என்றாள். அவ்வளவு நாளில் எனக்குக் கிடைத்த சுலபமான பாடம் அதுதான். அடுத்த வரியில் சோய் காசாதா, நான் மணமானவள். அதற்கடுத்து சோய் வியூதா. விதவை என்ற நம் சொல்லின் சாயலே காதில் விழுந்தது. அவள் சட்டென்று பக்கத்தைத் திருப்பினாள். நான் திருப்ப விடவில்லை. இரண்டு வரியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். படிக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

அவள் கணவனின் இசைக்குழுவுக்கு ஒப்பந்தம் முடிந்து, அவர்கள் மணிலாவுக்குத் திரும்பினார்கள். துறைமுகத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏதோ சொன்னாள், வேகமாக, ஸ்பானிஷில். எனக்கு முழுதாகப் புரியவில்லை. இவ்வளவு படித்தும் எனக்கு வேண்டியவள் ஒருத்தி சொன்ன கடைசி வாக்கியம் புரியவில்லை.

தடுப்புக்கு அப்பால் வேறு குடும்பம் வந்தது. அறுபதுகளின் கடைசியில் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்து, நானும் உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருத்தியும் சேர்ந்து குடிபோனோம். புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்துக்கொண்டிருந்த வீடு. அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. கணவர் எங்கே என்று கேட்டால் கப்பலில் என்பேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

மாதாமாதம் அவர் நட்சத்திரத்தன்று மட்டும் பேருந்து பிடித்துச் சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வேன். இருப்பவர் பெயருக்குத்தானே அர்ச்சனை. குருக்கள் ஒருபோதும் எதுவும் கேட்டதில்லை. ஒரு ஆடி மாதம் தட்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது எதிரே பெரியத்தான் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் எள்ளும் தர்ப்பையும் வாழையிலைக் கட்டும். என் தட்டில் இருந்த தேங்காய் மூடியையும் குங்குமத்தையும் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆளுக்கு என்று இருவருக்கும் தெரிந்தது.

"இன்னைக்குத் தம்பிக்குத் திதிம்மா" என்றார். குரலில் பழைய கறார் இல்லை. "வீட்டுக்கு வா. சாப்பிட்டுட்டுப் போ."

வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லும் தெம்பு என்னிடம் இல்லை. அவர் பின்னால் நடந்தேன்.

ரேஸ் கோர்ஸ் சாலை வீட்டில் ஓரகத்தி என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் இன்னோர் இலை எடுத்து வந்தாள். என் கழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். சுவரில் மாலை போட்ட படத்தில் அவர் இருந்தார், எனக்குத் தெரிந்ததைவிட இளையவராக. வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பாயசம் எல்லாம் வரிசையாக விழுந்தன.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கம்மா" என்றாள் ஓரகத்தி.

"போதும்க்கா."

சாப்பிட்டேன். இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டினேன். பெரியத்தான், மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கிட்டுப் போ என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். நெஞ்சுக்குள் ஒன்றுமே இல்லை. அன்று அவரை நான் சாகக் கொடுத்துவிட்டேனா, இல்லையா என்று கேட்டுக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. பேருந்து வந்தது. உட்கார இடம் இருந்தது.